தலை அளவு

வந்தவர் சட்டைப்பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இந்த அளவுக்கு ஒரு தொப்பி வேணும்மா.”

அலங்காரப் பொம்மைகளுக்குத் தொப்பி, கைப்பை, செருப்பு என்று வீட்டிலேயே செய்து விற்கும் பொம்மையக்கா நூலைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். எந்தப் பொம்மைக்கு எவ்வளவு தலை என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“தப்பா அளந்திருக்கீங்க சார். இவ்வளவு பெரிய தலை எந்தப் பொம்மைக்கும் கிடையாது.”

“நானேதான் அளந்தேன்.”

பொம்மை சேர்க்கிறவர்களின் கிறுக்கு அவள் பார்க்காததில்லை. பொம்மைக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிவிட்டு, பவர் சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர்கூட உண்டு. அவள் ஒரு புது சாக்ஸின் மேல்பக்கத்தை வெட்டி, உச்சியைச் சுருக்கித் தைத்தாள். முன்பக்கம் துணிப்பூ ஒன்றை வைத்துக் குண்டூசியை எடுத்தாள்.

“ஊசி வேண்டாம்மா. குத்தும்.”

“பொம்மைக்குக் குத்துமா சார்?”

அவர் கையை நீட்டிக் குண்டூசியை வாங்கித் தள்ளி வைத்தார். அவள் பூவை நூலாலேயே தைத்தாள்.

“பொம்மையைக் கொண்டு வாங்களேன். போட்டுப் பாத்துடலாம்.”

“கொண்டு வர முடியாதும்மா. சாயங்காலம் அடக்கம்.”

பொம்மையக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஆறாம் மாசத்துலயே பொறந்துட்டா. காலையிலேருந்து கடை கடையா ஏறி இறங்கிட்டேன். இவ்வளவு சின்னத் தலைக்குத் தொப்பியே கிடையாதுன்னுட்டாங்க.”

அவர் தொப்பியை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டார்.

“எம் பொண்ணைப் பெருசுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தாம்மா.”