நேயர் விருப்பத்தில் வந்த தம்பி

சண்முகவடிவு ஒற்றைப் பிள்ளை. சிறு வயதில் வானொலி நேயர் விருப்பத்துக்குக் கார்டு போடும்போதெல்லாம், நிறையப் பெயர் இருந்தால்தான் வாசிப்பார்கள் என்று, 'தம்பி ராகேஷ்' என்று இல்லாத ஒருவனையும் சேர்த்து எழுதுவாள். அன்று பிடித்த பாட்டுகளைத் தாண்டி அவள் காது இன்றுவரை போகவில்லை.

இப்போது ஐம்பத்தாறு வயது. கோபாலபுரம் வீட்டில், படுத்த படுக்கையான அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். தூங்கி மூன்று நாளாகிறது. மதிய மாத்திரை கொடுக்கப் போனால் அட்டையில் ஒன்று குறைந்திருந்தது.

"ராகேஷ் குடுத்துட்டான். நீ செத்த நேரம் படு," என்றாள் அம்மா.

எந்த ராகேஷ் என்று கேட்க வடிவுக்குத் தெம்பில்லை. அடுத்த அறையில் பாயை விரித்தாள். சமையலறையில் யாரோ பழைய பாட்டொன்றை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபேன் போடட்டுமாக்கா?"

"போடுப்பா," என்று கண்ணை மூடினாள் வடிவு. "நாலு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கணும். மறந்துடாதே."