எதிர்ஜன்னலில் ஒரு கவுன்

'எதிர்வீட்டுக் கிழவன் தன் மனைவியைக் கொன்றவன்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வரியை எழுதியதும் சுன்னிவாவுக்கே உடம்பு சிலிர்த்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் கதைவரி.

நார்வேயின் பெர்கன் நகரத்தில், மலையேறும் ஒரு குறுகலான சந்தில் அவள் வீடு. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைப்பவள். ஞாயிறுதோறும், அந்த வாரம் எழுதி முடித்ததை இணையத்தில் தன் பக்கத்தில் போடுவாள்.

'கட்டுரை: சால்மன் பண்ணை, முடிந்தது. கூரை ஒழுகல், பாதி. கதை: ஒன்றுமில்லை.'

கட்டுரைகள் மாறும். கடைசி வரி மட்டும் மாறாது. இதையெல்லாம் படிப்பவள் சிநேகிதி இங்வில் ஒருத்திதான் என்பது அவள் நினைப்பு.

இந்த வாரம் அரைப் பக்கக் கதை போட்டாள். மனைவியைக் கொன்றவன் பட்டப்பகலில் மண்ணெண்ணெய் விளக்கோடு ஜன்னலில் நின்று, அவள் திரும்பி வரக் காத்திருக்கிறான். எதிர்வீட்டில் நிஜமாகவே ஒரு கிழவர் உண்டு. யாரிடமும் பேசமாட்டார். அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரே மழை. கணினியில் தட்டிக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள்.

எதிர்ஜன்னலில் கிழவர். கையில் எரிகிற மண்ணெண்ணெய் விளக்கு.

"கரண்ட் போயிருக்கும்டி" என்றாள் இங்வில் போனில்.

"என் வீட்டுல இருக்கே!"

"அப்ப அவர் வீட்டு பல்பு போயிருக்கும். பேசாம எழுது. நல்லா வந்திருக்கு."

எழுதினாள். பயம்தான் எழுத வைத்தது. அடுத்த ஞாயிறு, கொலைகாரன் மேஜையில் இரண்டு தட்டு வைத்தான். காலி நாற்காலியோடு பேசினான்.

செவ்வாய்க்கிழமை, எதிர்ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை வந்திருந்தது. இரண்டு தட்டு. காலி நாற்காலி. அதைப் பார்த்தபடி கிழவரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"இங்வில், முனைக் கடைக்காரம்மாகிட்ட விசாரிச்சேன். அவருக்கு ஒரு பொண்டாட்டி இருந்தாளாம். திடீர்னு ஒருநாள்ல இருந்து யாருமே அவளைப் பார்க்கலையாம். நான் போலீஸுக்குச் சொல்லப்போறேன்."

"என்னன்னு சொல்லுவே? நான் எழுதினபடியே எதிர்வீட்டுக்காரர் நடந்துக்கிறாருன்னா? முதல்ல உன்னைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க."

"விளையாடாதடி."

"பயமா இருந்தா கதையை நிறுத்திடு."

"அதான் முடியல. இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு."

மூன்றாவது ஞாயிறு, வேண்டுமென்றே நடக்கவே முடியாத ஒன்றை எழுதினாள். இறந்தவளின் கல்யாணக் கவுன் தானாக வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறது.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. எதிர்ஜன்னலில் மேஜையையும் காணோம், கிழவரையும் காணோம். சுன்னிவா நிம்மதியாகக் கூரைக் கட்டுரையை முடித்தாள்.

புதன்கிழமை காலை திரையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்காலியில் கவுன் உட்கார்ந்திருந்தது. வெள்ளை, வயசாகி மஞ்சளேறிய வெள்ளை. முதுகு நிமிர்ந்து, இரண்டு கைகளும் மேஜைமேல். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. முன்னால் ஆவி பறக்கும் காப்பி.

பின்னால் நின்ற கிழவர் நேராக இவளைப் பார்த்து, மெதுவாகத் தலையசைத்தார்.

மழைக்கோட்டைக்கூட மாட்டாமல் சந்தின் குறுக்கே ஓடினாள். பயம் எல்லை தாண்டினால் கோபமாகிவிடுகிறது. கதவைப் படபடவென்று தட்டினாள்.

கிழவர் திறந்தார்.

"எதுக்கு இப்படியெல்லாம் பண்றீங்க? நான் எழுதறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தயங்கினார். "கடைப் பலகையில வேலை கேட்டு ஒரு சீட்டு ஒட்டியிருந்தியேம்மா. உன் இணையப் பக்கம் அதுல இருந்துச்சு. அப்பலேர்ந்து வாராவாரம் படிக்கிறோம்."

"படிக்கிறோமா? உங்களோட வேற யாரு?"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பெண் குரல். மெலிசாக, இழுத்து இழுத்து.

சுன்னிவா படியில் ஒரு அடி பின்வாங்கினாள்.

"ஓல்வர், அந்தப் பொண்ணுதானே? ஈரத்துல நிக்க வைக்காதீங்க."

கிழவர் அழைத்துப்போன பின்னறையில் ஒரு கட்டில். அதில் ஒரு அம்மாள். முகமும் வலது கையும் மட்டும் அசைந்தன. மற்றதெல்லாம் என்றோ அசைவதை நிறுத்திவிட்டது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"வாம்மா. நீ கொன்ன பொண்டாட்டி நான்தான்."

சுன்னிவா கட்டிலருகே போனாள். "மன்னிச்சிடுங்க... நீங்க இருக்கீங்கன்னே எனக்கு... யாருமே உங்களைப் பார்த்ததில்லைன்னு கடையில..."

"பார்க்க யாரும் வரல. அவ்வளவுதான்."

அறை வாசலில் சாய்ந்து நின்ற கிழவர், உள்ளே திணித்திருந்த தலையணைகளை உருவிவிட்டுக் கவுனை மடித்துக்கொண்டிருந்தார், சுருக்கம் விழாமல், ஒவ்வொரு கையாக.

"உங்களுக்குக் கோபமே வரலையா?" சுன்னிவா கேட்டாள். "அவரைப் போய்க் கொலைகாரன்னு..."

"கோபமா! கதை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லைன்னு படிச்சுப் படிச்சு எனக்கே அலுத்துப்போச்சு. ஒருவழியா அரைப் பக்கம் வந்துச்சு. அதுவும் நின்னுபோயிடக் கூடாதேன்னு நான்தான் இவரை விளக்கோட நிக்கச் சொன்னேன்." அந்த அம்மாள் ஒரு பக்கமாகச் சிரித்தாள். "இத்தனை வருஷத்துல என்னை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத மனுஷன்ம்மா. கொலைகாரனா நிக்க எவ்வளவு கூச்சப்பட்டாரு தெரியுமா?"