தாத்தாவின் பிறப்புப் பத்திரம்

புந்தோங் வீட்டுக்குள் நுழையும்போதே கால்பந்து ஏஜென்ட் அருண்பிரகாஷ் கேட்டார்:

"அப்பாவு அண்ணே, ஒங்கப்பாவோட சூராட் பெரானா கெடச்சிருச்சா?"

அப்பாவு தகரப் பெட்டியைத் திறந்து, பத்து காஜா தோட்டத்தில் பிறந்த தன் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இது போதும்லா. தாத்தா இங்க பொறந்தவருன்னா பேரன் மலேசியாவுக்கு ஆடலாம். தேசிய கீதம் நெகாராகூ மட்டும் முழுசாப் பாடத் தெரியணும்."

ஈப்போ கிளப்புக்கு இந்த சீசனில் பதினாறு கோல் போட்ட அப்பாவுவின் மகன் ஷர்வின், பூட்ஸைத் துடைத்தபடியே சொன்னான்.

"தெனமும் போன்ல சொல்லிக் குடுக்கறேன் அண்ணே. அவனுக்கு மலாய்தான் வாயில நுழைய மாட்டேங்குது."

அவன் என்றது அப்பாவுவின் அண்ணன் மகனை. டச்சுக்காரத் தாய்க்கு நெதர்லாந்தில் பிறந்தவன். இந்த மண்ணை மிதித்ததே இல்லை.

"ஷர்வினும் அதே தாத்தாவுக்குப் பேரன்தானே? அவனையும் சேத்துவிடலாமே அண்ணே," என்றார் அருண்பிரகாஷ்.

அப்பாவு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். மாரியம்மன் கோயிலில், இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்த சூர்யாத்திக்கு அவர் தாலி கட்டிய படம். ஆத்தா சாட்சியா கட்டியாச்சு, ஆபீஸ்ல போய் என்னத்தப் பதியறது என்று அன்று சொன்னவர் அவர்தான். பதியாத கல்யாணம் சட்டத்துக்குக் கல்யாணமே இல்லை. அப்பா வழியில் பிள்ளைக்குக் குடியுரிமையும் இல்லை.

அவர் தகரப் பெட்டியை மூடினார். ஷர்வின்தான் பேசினான்.

"காப்பி எடுத்துட்டு மறக்காம திருப்பிக் குடுத்துருங்க அண்ணே. இந்த வீட்ல செல்லுற பேப்பர் அது ஒண்ணுதான்."