ஆளில்லாச் சீட்டு

பகல் இரண்டு மணிக்குத் தன் வீட்டு வாசலில் நிற்பது இசாமுவுக்கே கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்தவன் போல, கை தானாக அழைப்பு மணிக்குப் போய்விட்டது.

கையை இழுத்துக்கொண்டு சாவியைத் தேடினான்.

காலையிலிருந்து பனி கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. தோகாமாச்சியில் இது புதிதில்லைதான். ஆனால் இன்று காற்றும் சேர்ந்துகொண்டதில் எதிரே வரும் லாரிகூடத் தெரியவில்லை.

“மலைப்பாதையை மூடிட்டாங்கப்பா. வண்டியப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. உன் பொண்ணு ‘யாருங்க நீங்க’ன்னு கேட்டா கோவிச்சுக்காத” என்று கிடங்கு மேலாளர் சிரித்தபடி அனுப்பிவைத்தார்.

வழியில் இனிப்புப் பூரணம் வைத்த மீன் வடிவ அப்பம் மூன்று வாங்கினான். சூடு ஆறிவிடக் கூடாதென்று கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான்.

டிசம்பர் வந்தாலே இப்படித்தான். ஊரில் உள்ளவர்களெல்லாம் மேலதிகாரிக்கும் மாமனாருக்கும் உப்பு மீனும் ஆப்பிளும் அனுப்பி மரியாதை காட்டுவார்கள். அத்தனை மரியாதையையும் படியேறிச் சுமப்பது இசாமு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பி, மூன்று வாரமாக மகளின் முகத்தை விழித்த நிலையில் பார்த்தது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான்.

கொதோனேவுக்கு எட்டு வயது. அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே ஒரு விளையாட்டு உண்டு. பார்சல் கொண்டுபோன வீட்டில் ஆளில்லையென்றால் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வருவார்கள்: வந்தோம், நீங்கள் இல்லை, மறுபடி எப்போது வரட்டும்? அந்தச் சீட்டில் ஒன்றை இசாமு இரவில் சாப்பாட்டு மேசையில் வைப்பான். பொருள் என்ற இடத்தில் ‘அப்பா’ என்று எழுதியிருப்பான். காலையில் அவள் தனக்கு வேண்டிய கிழமையையும் நேரத்தையும் பென்சிலால் குறித்து வைப்பாள்.

போன ஞாயிறு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்று குறித்திருந்தாள். பனியில் குகை வீடு கட்டுவதாகப் பேச்சு.

அன்று விடியற்காலையில் கூட வேலை பார்க்கும் ஒருவன் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அவன் பகுதியும் இசாமுவின் தலையில் விழுந்தது. கொதோனே கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே பன்னிரண்டு மணி வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். அவன் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது.

மனைவி சாயூரி சத்தம் போடவில்லை. “ஊர்ல இருக்கிற டப்பாவுக்கெல்லாம் சொன்ன நேரத்துக்குப் போய் நிக்கிறீங்க. நாங்களும் அட்டைப்பெட்டிக்குள்ள ஏறி உக்காந்தாத்தான் வருவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

திங்கள்கிழமை விடியும் முன்பே வழக்கம்போல் வண்டி எடுக்கப் போய்விட்டான்.

அன்று இரவிலிருந்து மேசையில் அவனுக்குச் சாப்பாடு மூடி வைக்கப்படவில்லை. கைப்பேசியில் அவளிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தண்டனை என்று புரிந்துகொண்டான். செய்த தப்புக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி? கோபம் தானாக ஆறட்டும் என்று இவனும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தான். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துவான். விளக்கைப் போடமாட்டான். கடையில் வாங்கிய சோற்று உருண்டையை இருட்டிலேயே தின்றுவிட்டு முன்னறையில் சுருண்டுகொள்வான். குழந்தையின் தூக்கம் கெடக் கூடாது.

படுக்கும் முன் படுக்கையறைக் கதவுப் பக்கம் ஒரு நிமிடம் காதைக் கொடுப்பான். திங்கள் இரவு இருமல் கேட்கவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. நேற்றும் இல்லை. மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டான். அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

இன்று சத்தம் போட்டே நுழைவது என்று தீர்மானித்திருந்தான். கதவைத் தள்ளி, வந்துவிட்டேன் என்று உரக்கச் சொன்னான்.

பதில் இல்லை. கடைக்குப் போயிருப்பார்கள். இந்தப் பனியில் குழந்தையையும் இழுத்துக்கொண்டு என்ன கடை என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அப்பங்களை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். ஜன்னல் வெளிச்சம் படுக்கையறையின் தள்ளுகதவில் விழுந்திருந்தது. எட்டு வயதுக் கை எட்டும் உயரத்தில் அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவனுடைய சீட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்ததுதான். பென்சில் எழுத்து.

பொருள்: அம்மா, கொதோனே.

வைத்திருக்கும் இடம்: தகாசாகி, பெரியம்மா வீடு.

கீழே அச்சிட்ட வரிகள் அவனுக்கு மனப்பாடம். ஏழு நாள் வைத்திருப்போம், அதற்குள் தெரிவிக்கவும். எப்போது வரட்டும் என்று கேட்கும் கட்டங்களில் எதிலும் குறியில்லை. இந்தத் தடவை குறிக்க வேண்டியவன் அவன்.

வந்த நாள் என்ற இடத்தைக் கடைசியாகத்தான் பார்த்தான்.

திங்கள், காலை பத்து மணி.

நின்ற இடத்திலேயே இன்னொரு முறை படித்தான். நெஞ்சில் அப்பத்தின் சூடு இன்னும் மிச்சமிருந்தது.

பிறகு கதவின் விளிம்பைப் பிடித்தான். உள்ளே யாருமில்லை என்று தெரிந்த பிறகும், பழக்கதோஷம், சத்தம் வராமலிருக்கக் கதவை லேசாகத் தூக்கித்தான் தள்ளினான்.