வக்கீல் கோட்டில் சுவிசேஷம்

வக்கீலின் கறுப்புக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் அந்தத் தாளைச் செருகும்போது இஸ்திரி அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டாள். பிடித்தது வேறு யாருமில்லை, சலவைக் கடைக்குக் கோட்டை வாங்கிப்போக வந்த வக்கீலேதான்.

கோட்டை இங்கே கொண்டுவா என்றார். அக்கா தயங்காமல் கவுண்டர் மேல் வைத்தாள். அவர் பாக்கெட்டை வெளியே இழுத்து உதறியதில் நாலாக மடித்த தாள் விழுந்தது, கூடவே ஒரு ஹேர்பின்னும். அக்காவின் கொண்டையிலிருந்து நழுவியிருக்கும் என்று கடை முதலாளி அதை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

தாளைப் பிரித்துப் பார்த்ததுமே முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. 'இயேசு உங்களை அழைக்கிறார்' என்று கொட்டை கொட்டையாக நீல எழுத்து. தினமும் வேலைக்கு வருமுன் அக்கா எதிர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நீட்டுவாளே, அதே கைப்பிரதி.

போயும் போயும் இவர் கோட்டிலா வைக்க வேண்டும்? பஸ் ஸ்டாப், பார்க், ஆஸ்பத்திரி வாசல் என்று பொது இடம் எதிலும் மதப் பிரச்சாரம் கூடாது என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி மனு தயார் செய்கிறவர் அவர். சாமி அவரவர் வீட்டுக்குள் இருக்கட்டும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் பாவியா இல்லையா என்று விசாரிக்க இவர்கள் யார் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

"கறை போகத்தான் கோட்டு குடுத்தேன். பாவம் போக இல்ல" என்றார் முதலாளியிடம்.

முதலாளி நெளிந்தார். எத்தனை வருஷத்துப் பெயர்! பாக்கெட்டில் ஒரு பட்டன் கிடந்தாலும் துணி வெளுத்து முடிந்ததும் அதே பாக்கெட்டுக்குத் திரும்பப் போகும். அந்த நாணயத்துக்காகவே வக்கீல் பத்துப் பேரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லாம் இன்றைக்கு ஒரு காகிதத்தில் கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

"அக்கா, இதை வச்சது நீதானா?"

"நான்தான் வச்சேன்."

ஏதாவது சாக்குப்போக்குச் சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று பார்த்தால் இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்கிறாளே! கடைக்குள் மத ஊழியம் கூடாது என்று வேலைக்குச் சேர்த்தபோதே முதலாளி சொல்லியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள்.

வக்கீலின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இந்தக் குப்பை தன் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டியதில்லை என்றார். தன் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டதே இவள்தான் என்று, கண்ணாடிக் கதவோரம் பையோடு நின்ற மனைவியைக் காட்டினார். அக்கா அந்த அம்மாளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒன்று இந்த இஸ்திரிக்காரியை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மனுவில் கடையின் பெயரும் ஏறும். வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். முதலாளிக்கு அக்கா வீட்டு நிலைமை தெரியும். புருஷன் படுத்த படுக்கை, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. மன்னிப்புக் கேட்டுவிடு, இனிமேல் பஸ் ஸ்டாப் பக்கமும் நிற்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

அக்கா நிமிர்ந்தாள்.

"மன்னிப்புக் கேக்கிற மாதிரி நான் ஒண்ணும் செய்யலண்ணே. கடைக்குள்ள வாயத் திறக்க மாட்டேன்னு சொன்னேன், திறக்கல. பஸ் ஸ்டாப்புல நிப்பேன். கையை நீட்டுவேன். வேண்டாதவங்க வாங்காம போகட்டும், யார் சட்டையையும் பிடிச்சு இழுக்கல."

திமிரைப் பார்த்தீர்களா என்றார் வக்கீல். முதலாளிக்கும் அதற்குமேல் வழியில்லாமல் போயிற்று. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அக்கா இடுப்பு ஏப்ரனை அவிழ்த்து, பழக்க தோஷத்தில் மடிப்புக் கலையாமல் மடித்துக் கவுண்டரில் வைத்தாள்.

வக்கீல் தாளை எடுத்துக் கசக்கப் போனார். அதற்குள் அவர் மனைவி கவுண்டருக்கு வந்துவிட்டாள். ஓரமாகக் கிடந்த ஹேர்பின்னை எடுத்தாள், நிதானமாகத் தன் தலையில் செருகிக்கொண்டாள்.

"அவங்களை எதுக்குங்க திட்டுறீங்க? ஞாயித்துக்கிழமை மழைக்கு உங்க கோட்டை மாட்டிக்கிட்டு பஸ் ஏறப் போனது நான்தான்."

வக்கீலின் கை அப்படியே நின்றது. மனைவி அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"குடுங்க. அந்தத் தாளும் என்னுது."