மனசில் நிறுத்திய ஒருத்தி

"வயசு முப்பத்தெட்டு, எழுதிக்குங்க மேடம். விளக்கை அணைச்சாத்தான் புருஷன் பக்கத்துல வந்து படுப்பா."

விளம்பரக்காரியின் பேனா நின்றுவிட்டது. எதிரே இருந்த முகக் க்ரீம் வியாபாரியோ, விலைப்பட்டியல் வாசிக்கிறவர் மாதிரி சாவகாசமாகக் காலாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டதென்னவோ சாதாரணக் கேள்விதான். ஊருக்கெல்லாம் விற்க நினைக்காதீர்கள், வாங்கப்போகிற ஒரே ஒருத்தியை மனசில் நிறுத்திச் சொல்லுங்கள், அவளுக்காக எழுதுவோம் என்றிருந்தாள். அதற்கு இந்த மனுஷன் படுக்கையறையிலிருந்தா ஆரம்பிக்க வேண்டும்?

எழுந்து போய்விடலாம்தான். ஆனால் பொய் எழுதிப் பிழைக்கப் பிடிக்காமல் பெரிய கம்பெனியை உதறிவிட்டு வந்தவளுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை இது. இதுவும் நழுவினால் அதே கம்பெனி வாசலில் போய்ப் பல்லிளிக்க வேண்டியதுதான்.

அவர் வீட்டு முன்னறையே கடை, கிடங்கு எல்லாம். மெழுகும் சென்ட்டும் கலந்த வாடை தொண்டையைப் பிடித்தது. வந்ததும் முகம் கழுவப் போனால், வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடிகூடக் கிடையாது, வெறும் ஆணிதான். மூலையில் ஒரு பெண் முக்காட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, அவங்களுக்கு என்ன கவலை சார்?"

"ரெண்டு கன்னத்துலயும் கறுப்புத் திட்டு. கல்யாணம் காட்சின்னு எங்கயும் தலைகாட்ட மாட்டா. ஸ்கூல்ல கூப்பிட்டா காய்ச்சல்னு படுத்துக்குவா. கடைசியில பெத்த பொண்ணே, 'நீ வராதம்மா'ன்னு சொல்லிடுச்சு."

"ஐயோ பாவம்."

"என்ன பாவம்? அங்கதான் மேடம் அடிக்கணும். அந்த இடத்துல அடிச்சா, கேள்வி கேக்காம வாங்கிடுவா."

சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா என்றிருந்தது அவளுக்கு. அதைவிட அசிங்கம், தன் கை அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. 'உங்கள் மகளே உங்களை வரவேண்டாம் என்கிறாளா?' என்று தலைப்புகூட விழுந்துவிட்டது. நல்ல தலைப்பு வேறு.

"இவ்வளவு விவரம் எப்படி சார் தெரியும்? கடைக்கு வர்றவங்ககிட்டப் பேசிப் பேசியா?"

"வியாபாரம்னா கண்ணைத் திறந்து வச்சிருக்கணும் மேடம்."

மூலையில் லேபிள் ஒன்று சர்ரென்று கிழிந்தது. "பாத்து ஒட்டு," என்றார் அவர், அந்தப் பக்கம் திரும்பாமலே.

விளம்பரக்காரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். இந்த ஆள் எப்படிப்பட்டவனாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். க்ரீம் நல்ல க்ரீமாக இருந்து, யாரோ ஒருத்தி முகத்தை நிமிர்த்திக்கொண்டு வெளியே நடந்தால் சரி, எழுதித் தொலைக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி சார். திட்டு வந்த யாராவது நம்ம க்ரீமைப் போட்டிருக்காங்களா? அவங்க வாயால ரெண்டு வரி வேணும்."

வியாபாரியின் கால் ஆட்டம் நின்றது. "அதெல்லாம் நீங்களே சேத்துக்குங்களேன்."

"நானா எழுத மாட்டேன் சார். போட்டவங்க சொல்லணும்."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மூலையில் இருந்தவள் எழுந்து வந்தாள். முக்காட்டை அவளே விலக்கினாள். இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டு.

"நீ உள்ள போடி," என்றார் புருஷன்.

அவள் போகவில்லை. விளம்பரக்காரியை நேராகப் பார்த்தாள்.

"இந்த க்ரீமைப் போடறதுக்கு முன்னாடி என் முகம் நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."