சுவிட்சின் மேல் ஒரு கை

குளியலறை ஜன்னலில் மனைவி மஸாஹிராவின் கறுப்பு அபாயாவை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான் இன்ஷாப். கதவிடுக்கில் தான் உடுத்தும் சாரனைத் திணித்திருந்தான்.

இருட்டில், பிலிமின் நுனி பிளாஸ்டிக் சக்கரத்தில் ஏற மறுத்தது. விரல்கள் வியர்த்தன.

ஒரே ரோல். எல்லாம் அவள் படங்கள். வெளிச்சம் பட்டுப் பழுதானால் மறுபடி எடுக்க முடியாது.

கண்டியில் பிலிம் கழுவிய கடைசி ஸ்டூடியோவில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். கொழும்புக்கு அனுப்பலாம். அங்கே எவனோ ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பான்.

முக்காடில்லாத படங்கள். போன் வேண்டாம், வாப்பாவின் பழைய கமராவில் எடுங்கள் என்று அவள் சொன்னதும் அதனால்தான்.

கதவு தட்டப்பட்டது.

“மகன், அஸருக்கு பாங்கு சொல்லியாச்சி. கை கால் கழுவி வுழூ எடுக்கணும்.” உம்மாவின் குரல். “என்ன இது, லைட்டும் போடாம உள்ளுக்கு? இரு, லைட்டப் போடுறேன்.”

சுவிட்ச் வெளியே இருந்தது. ஜன்னலை யோசித்தவன் அதை யோசிக்கவில்லை.

பிலிமை வயிற்றோடு அணைத்துக் குனிந்தான்.

“வாணாம் மாமி! கரண்ட் அடிக்கும்!”

மஸாஹிரா எங்கிருந்து ஓடி வந்தாளோ, மூச்சு வாங்கியது.

வெளிச்சம் வரவில்லை. சுவிட்சின் மேல் அவள் கை இருக்கிறது என்று புரிந்தது.

உம்மா முணுமுணுத்துக்கொண்டே குசினிப் பைப்புக்குப் போனார்.

நுனி ஏறியது. சக்கரத்தை வெளிச்சம் புகாத டாங்கிக்குள் போட்டு மூடியை இறுக்கினான்.

“இப்ப போடு.”

வெளிச்சத்தில் பிலிம் கழுவும் மருந்துகளை மாறி மாறி ஊற்றினான். ஒவ்வொரு முறையும் போத்தலை இரண்டு தடவை பார்த்தான். கடைசியில், மூடியைத் திறக்கத்தான் கை வரவில்லை.

மஸாஹிரா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவளே திறந்தாள்.

ஈரம் சொட்டும் பிலிமை பல்புக்கு நேரே பிடித்தார்கள்.

படங்கள் இருந்தன.

நெகட்டிவில் அவள் முகம் கறுத்திருந்தது. இடுப்பு வரை விழுந்த கூந்தல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“அல்லாஹ், கிழவியாகிட்டேனே!”

சிரித்ததில் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டதிலிருந்து அவன் முன்னால்கூட அவள் அதைக் கழற்றியதில்லை.

தலையில் ஒரு முடிகூட இல்லை.

அவள் முக்காட்டை இழுத்து மூடவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஷாபும் பார்த்தான். ஒவ்வொரு துஆவிலும் அவன் கேட்டது அந்தக் கிழவியைத்தான்.